அம்மோன் உட்கார்ந்த இடம்

சபைக்குத் தனிக் கோயில் இல்லை; ஆராதனை வீட்டுக்கு வீடு முறை வைத்து நடக்கும். அந்த ஞாயிறு சலோமா வீட்டு முறை. வாரம் முழுக்கத் தரையைத் தேய்த்து, ஜன்னலைத் துடைத்து, பீட்ரூட் ஊறுகாயையும் வேர்க்கடலை விழுதையும் ஜாடி ஜாடியாக எடுத்து வைத்ததில் அவளுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது. ஆனாலும் எல்லாம் நல்லபடியாக நடந்தது. பிஷப் யோஸ்ட் வழக்கத்தைவிடச் சுருக்கமாகப் பிரசங்கம் செய்தார். ரொட்டி பஞ்சு மாதிரி இருப்பதாகப் பெண்கள் சொன்னார்கள். ஆண்கள் சாப்பிட்டு முடித்துப் பெஞ்சிலேயே சாய்ந்து மக்காச்சோள அறுவடையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் கொட்டகைக்கு ஓடினார்கள்.

கொட்டகையில் கீழே தொழுவம், மேலே பரண். பரண் முழுக்க அந்த வருஷத்துப் புல்கட்டுகள் கூரை வரை ஏறிக் கிடந்தன. பரணின் தரையில், ஒரு கதவு அகலத்துக்குச் சதுரமாக ஓர் ஓட்டை. புல்லை அதன் வழியாகத் தள்ளினால் நேராகத் தொழுவத்து சிமெண்டுத் தரையில் விழும். சுகர் ஃபோர்க் பள்ளத்தாக்கில் எல்லாக் கொட்டகையும் அப்படித்தான். புல்லைத் தள்ளி முடித்ததும் ஒரு பழைய பலகையை அதன் மேல் இழுத்துப் போடுவது சலோமாவின் புருஷன் அம்மோனின் வழக்கம். அன்றைக்கு விருந்தாளிகளின் குதிரைகளுக்குப் புல் தள்ளிவிட்டு நிமிரும்போது யாரோ சாப்பிட அழைத்தார்கள். அவன் போய்விட்டான். உதிர்ந்த புல் ஓட்டையின் விளிம்பை மறைத்துக்கொண்டு கிடந்தது.

அம்மோனின் தம்பி ஏனோஸின் மகள் வெர்னா. ஐந்து வயது. ஓடிப் பிடிக்கும் விளையாட்டில் அவள்தான் எல்லோருக்கும் முன்னால் ஓடினாள்.

தட்டுக் கழுவிக்கொண்டிருந்த சலோமாவிடம் அவளுடைய மகள் லியோனா வந்து நின்றாள். கொட்டகைப் பக்கம் கையை மட்டும் நீட்டினாள். சலோமா ஈரக் கையோடு ஓடினாள். தொழுவத்தில் குதிரைகளுக்கு நடுவே வெர்னா தூங்குவது போலக் கிடந்தாள். தலைக்குட்டை கழன்றிருந்தது. காதிலிருந்து மெல்லிய கோடாக ரத்தம் வந்துகொண்டிருந்தது. தூக்கலாமா கூடாதா என்று தெரியாமல், சலோமா தரையில் படுத்துக் குழந்தையின் முகத்தோடு முகம் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். வந்தது.

சபையில் யார் வீட்டிலும் டெலிபோனோ காரோ கிடையாது; சாலையோர டெலிபோன் பெட்டிக்கு யாரோ ஓடினார்கள். சோளம் அறுத்த வயலில் ஹெலிகாப்டர் இறங்கியது. அந்தச் சத்தத்தில் கட்டியிருந்த குதிரைகளெல்லாம் வெறிபிடித்து இழுத்தன. ஆண்கள் தொப்பியைப் பறக்கவிட்டுக் கடிவாளங்களைப் பிடித்துத் தொங்கினார்கள். குழந்தையோடு பெற்றோரை ஏற்றவில்லை. ஏனோஸும் அவன் மனைவி ஓர்பாவும் பக்கத்துப் பண்ணை இங்கிலீஷ்காரரின் காரில் பின்னாலேயே போனார்கள்; சபையைச் சேராதவர்கள் எல்லோரும் அவர்களுக்கு இங்கிலீஷ்காரர்கள்தான். கார் ஏறும் வரை ஓர்பா கையில் அந்தத் தலைக்குட்டையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.

அம்மோன் ஓடிவந்ததிலிருந்து பரணிலேயே நின்றுகொண்டிருந்தான். பலகையை இழுத்து ஓட்டையின் மேல் போட்டுவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டு.

நகரத்து ஆஸ்பத்திரியில் குழந்தையின் மண்டையைத் திறந்து ரத்தக் கட்டியை எடுத்தார்கள். மறுநாள் சலோமாவும் அம்மோனும் போனபோது ஏனோஸ் தாழ்வாரத்திலேயே எதிரே வந்தான். மர அறுவை மில் வைத்திருப்பவன் அவன். வலது கையில் சுண்டு விரலும் அடுத்த விரலும் ரம்பத்துக்குப் போய் வருஷமாகிறது. சபை ஆண்களில் பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு விரல் குறையும். பத்து விரலும் வைத்திருப்பவன் சோம்பேறி என்று கேலி பேசிக்கொள்வார்கள். அந்த மூன்று விரல் கையை அண்ணன் தோளில் வைத்து ஏனோஸ் சொன்னான்.

"உன் மேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல, அம்மோன். கர்த்தர் சித்தம். நாங்க ரெண்டு பேரும் பேசியாச்சு."

ஓர்பாவும் பின்னால் நின்று தலையை ஆட்டினாள். அம்மோனும் தலையை ஆட்டினான். அடி வாங்கத் தயாராக முதுகைக் குனித்து நின்றவனைப் போய்வா என்று அனுப்பிவிட்டது போல இருந்தது அவன் முகம்.

சலோமாவின் மனதில் தங்கியது வேறொன்று. தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், ஒரு நர்ஸ் அவளுடைய உடுப்பைப் பார்த்து எந்தச் சபை என்று தெரிந்துகொண்டு, குழந்தை எப்படி விழுந்தாள் என்று கேட்டாள். சொன்னதும் அவள் ஆச்சரியப்படவில்லை. இந்த வருஷத்தில் அந்த மாதிரி ஓட்டையில் விழுந்து வருவது இது மூன்றாவது குழந்தை என்றாள். பக்கத்துப் பள்ளத்தாக்குப் பையன் ஒருத்தன் பிழைக்கவில்லை என்றும் சொன்னாள். அவள் குற்றம் சாட்டுகிற குரலில் பேசவில்லை. மழை இந்த வருஷம் ஜாஸ்தி என்பது போலத்தான் சொன்னாள். அது சலோமாவுக்கு இன்னும் மோசமாகப் பட்டது.

பனி விழ ஆரம்பித்த பிறகுதான் வெர்னாவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நடந்தாள், சிரித்தாள். ஆனால் வலது கை சொன்னபடி கேட்கவில்லை. சொற்கள் வருவதற்கு நேரமாயிற்று. பாலைக் கேட்பதற்குப் பசுவைக் காட்டினாள். திடீர் திடீரென்று கோபம் வந்து தட்டை எறிந்தாள். அவள் எறிந்ததில் ஓர்பாவின் புருவத்தில் ஒரு தழும்பு விழுந்தது. சபைப் பெண்கள் முறை வைத்து ரொட்டியும் சூப்பும் கொண்டுபோனார்கள். துணி தோய்த்துக் கொடுத்தார்கள். கர்த்தர் குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றார்கள். யாரும் அம்மோனை ஒரு சொல் சொல்லவில்லை. அந்த ஓட்டையைப் பற்றியும் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.

அம்மோன் வேலையை எல்லாம் ஒழுங்காகச் செய்தான், பரண் ஏறுவதைத் தவிர. புல் தள்ளும் வேலை சலோமாவுடையதாகிவிட்டது; அவனும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. தினமும் காலையில் அந்தப் பலகையை நகர்த்தி, புல்லைத் தள்ளி, மறுபடி இழுத்து மூடுவாள். கொட்டகையை விட்டு வந்த பிறகு, மூடினோமா என்று சந்தேகம் வந்து திரும்பப் போய்ப் பார்ப்பாள். சில நாள் இரண்டு தடவை. அப்படித் திரும்பி நடந்த ஒரு காலையில்தான் அவளுக்குத் தோன்றியது: இத்தனை பயத்தோடு இருக்கிற எனக்கே மூடினோமா இல்லையா என்று நிச்சயமில்லை. பயமில்லாதவர்கள் என்ன செய்வார்கள்? பலகை போதாது. கீல் வைத்து, கையை விட்டால் தானாகவே விழுந்து மூடிக்கொள்கிற கனமான மூடி வேண்டும். ஒரு குழந்தையால் தூக்க முடியாததாக இருக்க வேண்டும். எல்லாக் கொட்டகையிலும் வேண்டும்.

அதன் பிறகு, யார் வீட்டில் ஆராதனை நடந்தாலும் அவள் முதலில் அந்த வீட்டுத் தொழுவத்துக்குள் போய் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தாள். பலகை இருக்கிறதா, இல்லையா. பெண்கள் கவனித்துவிட்டார்கள். "என்ன சலோமா, எங்க வீட்டுப் பசு எவ்வளவு கறக்குதுன்னு பார்க்கறியா?" என்று ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். சலோமாவும் சிரித்துவைத்தாள்.

குளிர்காலக் கடைசியில், சேணம் தைக்கக் கொடுக்கும் சாக்கில் பிஷப் யோஸ்டிடம் போனாள். அவருடைய வேலை அதுதான். குதிரை உதைத்து முழங்கால் போன மனிதர். ஒரு காலை நீட்டியபடி உட்கார்ந்து தோலில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். சபை ஒழுங்கில் மூடிக்கு எதிராக எதுவும் இல்லை என்றார். யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

"யார் வேணும்னாலும் இல்ல, யோஸ்ட். எல்லாரும் போடணும். நீங்க சொன்னா எல்லாரும் போடுவாங்க" என்றாள் சலோமா.

அவர் ஊசியைத் தோலிலேயே குத்தி நிறுத்தினார்.

"நான் சொல்லலாம். சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாத்தியா? இன்னைக்கு ஒரு குழந்தை விழுந்தா அது கர்த்தர் சித்தம், எல்லாரும் சேர்ந்து அழறோம். நான் ஒரு சட்டம் போட்டுட்டா, அப்புறம் விழற குழந்தைக்கு ஒரு குத்தவாளி வேணும். மூடி போடாதவன் யாருன்னு தேடுவாங்க. அதோட நிக்காது. பின்னாடியும் திரும்பிப் பாப்பாங்க. மூடி போட்டிருந்தா வெர்னா விழுந்திருக்க மாட்டாளேம்பாங்க. அப்போ உன் வீட்டுக்காரன் எங்க போய் நிப்பான்?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அத்தனை பேரும் இத்தனை மாதமாக அந்த ஓட்டையைப் பற்றிப் பேசாமல் இருந்தது மறதியால் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அது அம்மோனுக்கு அவர்கள் போர்த்திவிட்ட போர்வை. அதைத்தான் அவள் பிடித்து இழுக்கிறாள்.

ஆனால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வரும்போது, பிழைக்காமல் போன அந்தப் பையனையும் நினைத்தாள். அவனுடைய அப்பாவுக்கும் இப்படி ஒரு போர்வை போர்த்தியிருப்பார்கள். அதைப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருந்த அவள்கூடக் கேள்விப்படவில்லை. கேள்விப்பட்டிருந்தால் அந்தப் பலகையை ஒருவேளை...

பிஷப்பைப் பார்த்துவந்தது அம்மோன் காதுக்கு எப்படியோ போனது. பால் கறக்கும் நேரத்தில், பசுவின் வயிற்றில் நெற்றியை வைத்தபடி, அவளைப் பார்க்காமலே பேசினான்.

"நீ ஒவ்வொரு கொட்டகையிலயும் ஒரு மூடி போட்டா, ஒவ்வொரு கொட்டகையிலயும் என் பேரைக் கொத்தி வெச்ச மாதிரி. அது உனக்குத் தெரியுதா?"

"நீ மறந்தேன்னு நான் சொல்லல அம்மோன். யாரும் ஞாபகம் வெச்சுக்க வேண்டாத மாதிரி ஒண்ணு வேணும்னுதான் சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

அவ்வளவுதான் அவர்களுடைய சண்டை. குரல் உயரவில்லை. ஆனால் அன்றிலிருந்து சலோமா மூடிப் பேச்சை விட்டாள். வீட்டில் சத்தமே இல்லாமல் போனது. லியோனாகூடப் படி இறங்கும்போது காலை மெதுவாக வைத்தாள்.

வசந்தம் வந்து உழவு முடிந்தது. ஒரு ஞாயிறு, ஆற்றோரப் பண்ணையில் ஆராதனை. சாப்பாடு முடிந்து பாத்திரம் துடைக்கும்போது, மக்லோன் ஹெர்ஷ்பெர்கரின் மனைவி சலோமாவிடம் லேசாகக் கேட்டாள். "உன் வீட்டுக்காரன் சாப்பிட்டதும் எங்கே காணாம போயிடறான்? எங்க வீட்டுக்காரர் சொல்றாரு, அவன் வண்டிக்குள்ள படுத்துத் தூங்கறானாம். ஆம்பளைங்க மூஞ்சில முழிக்க வெக்கமாம்." அதைச் சொன்ன விதத்தில் இரக்கத்தைவிட வேறு ஏதோ அதிகம் இருந்தது.

சலோமா துணியை வைத்துவிட்டு வெளியே போனாள். வண்டியில் அம்மோன் இல்லை. தோட்டத்தில் இல்லை. கொட்டகையின் மேலே பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. பாவாடையைக் கையில் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

பரணில் பிள்ளைகள் புல்கட்டின் உச்சியிலிருந்து கீழே பரப்பியிருந்த புல்லின் மேல் குதித்துக்கொண்டிருந்தார்கள். நடுவே அம்மோன் ஓட்டைக்குக் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்திருந்தான். பலகை ஓட்டையைப் பாதிதான் மறைத்தது. மீதியின் மேல் காலை நீட்டி வைத்திருந்தான். தாடியில் புல். தொப்பியின் விளிம்பைச் சுற்றி யாரோ காய்ந்த புல்லிலிருந்து பொறுக்கிய குளோவர் பூவைச் செருகியிருந்தார்கள். குதித்து உருண்டு வந்த ஒரு பையன் அவன் மேல் மோதி எழுந்து, ஒரு தூணில் மோதியவன் போலவே மறுபடி ஓடினான். பிள்ளைகளுக்கு அது பழகிப்போன விஷயம் என்பது தெரிந்தது.

"இங்க என்ன பண்றே?" என்றாள்.

"உக்காந்திருக்கேன்."

"எப்பலேர்ந்து?"

"வெர்னா வீட்டுக்கு வந்ததுலேர்ந்து. ஒவ்வொரு ஆராதனைக்கும்."

சொந்தக் கொட்டகையின் பரணில் கால் வைக்க முடியாதவன், சபையின் மற்ற எல்லாப் பரணிலும் குளிர்காலம் முழுக்க ஏறி உட்கார்ந்திருக்கிறான். சலோமா ஏணியின் கடைசிப் படியிலேயே நின்றாள். மூடிப் பேச்சை விட்டிருந்தாலும், அவளுக்கு அதைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"ஒரு மூடி இருந்தா நீ இங்க உக்கார வேண்டாமே, அம்மோன்."

"உக்காரணும்னுதான் உக்கார்றேன்" என்றான். பிறகு, "நீ கீழ போ. பிள்ளைங்க பாக்கறாங்க."

யாரிடம் இதைச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை, துணி தோய்க்க உதவுகிறேன் என்று ஓரகத்தி வீட்டுக்குப் போனாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு ஓர்பா அவள் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை. சலோமா போனால் மட்டும் நன்றாகத்தான் பேசுவாள். வெர்னா சமையலறைத் தரையில் உட்கார்ந்து, தன் சட்டையின் கொக்கியை இடது கையால் மாட்ட முயன்றுகொண்டிருந்தாள். மாட்டவில்லை. உதவப் போன சலோமாவின் கையைத் தட்டிவிட்டு, நிறைய நேரம் யோசித்து, "சலோமா... போ" என்றாள். பெயரைச் சரியாகச் சொன்னாளே என்று சலோமாவுக்குக் கண் நிறைந்தது.

பின்கட்டில் துணியைப் பிழிந்துகொண்டே சலோமா எல்லாவற்றையும் சொன்னாள்: பரண், பலகை, தொப்பியில் பூ. ஓர்பா கேட்டுக்கொண்டே போர்வையின் மறுமுனையைப் பிடித்து முறுக்கினாள். தண்ணீர் முழுக்க வடிந்த பிறகும் முறுக்கினாள்.

"நாங்க மன்னிச்சாச்சு. அன்னைக்கே மன்னிச்சாச்சு. அது பொய்யில்ல" என்றாள். "ஆனா அது ஒரு தடவையோட முடியல சலோமா. தினம் காலையில எழுந்ததும் மறுபடி முதல்லேர்ந்து மன்னிக்க வேண்டியிருக்கு. சில நாள் மத்தியானம் ஆயிடுது. இவ தட்டை எறியற நாள்ல சாயங்காலம்கூட ஆயிடுது."

சலோமா தன் பக்கத்து முனையை விடாமல் பிடித்திருந்தாள்.

"அவன் அங்க போய் உக்காந்திருக்கான்னு நீ சொன்னதும் எனக்கு மனசு குளுந்துது. உக்காரட்டும்னு தோணுச்சு. சாகற வரைக்கும் உக்காரட்டும்னு." ஓர்பா போர்வையைக் கூடையில் போட்டாள். "அதான் எனக்கு பயமா இருக்கு."

பிறகு இருவரும் துணி உலர்த்தினார்கள். இத்தனை மாதத்தில் ஒருவர் தன்னிடம் உண்மையைப் பேசியது அன்றைக்குத்தான் என்று சலோமாவுக்கு இருந்தது. அவள் வண்டியில் ஏறும்போது ஓர்பா வாசல் வரை வந்தாள்.

ஓர்பா ஏனோஸிடம் என்ன சொன்னாள் என்பது சலோமாவுக்குத் தெரியாது. அடுத்த ஆராதனை பிஷப் யோஸ்டின் வீட்டில். சாப்பாடானதும் அம்மோன் எழுந்து போனான். கொஞ்ச நேரம் கழித்து ஏனோஸ் சமையலறை வாசலில் வந்து நின்று, "சலோமா, கொஞ்சம் வா" என்றான். எங்கே என்று அவள் கேட்கவில்லை.

தம்பியின் தலை ஏணியில் தெரிந்ததும் அம்மோன் எழப் பார்த்தான். எழுந்தால் ஓட்டை திறந்துவிடும் என்பது நினைவு வந்து அப்படியே உட்கார்ந்தான். தப்பி ஓடவும் வழியில்லாமல் மாட்டிக்கொண்டவனைப் போல இருந்தான். ஏனோஸ் சுற்றியிருந்த பிள்ளைகளைக் கீழே போய் விளையாடச் சொன்னான். அவர்கள் போனதும் அண்ணனுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"எழுந்திரு அம்மோன். நீ உக்காந்திருக்கற இடத்தை அளக்கணும்."

அம்மோனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்தது. "ஞாயித்துக்கிழமையில அளக்கலாமா?" என்று மட்டும் கேட்டான்.

"அளக்கறது வேலையில்ல. அறுக்கறதுதான் வேலை. அதை நாளைக்குப் பண்ணிக்கலாம்."

அம்மோன் நகர்ந்தான். பலகையை எடுத்தார்கள். கீழே தொழுவத்தின் சிமெண்டுத் தரையும், ஒரு குதிரையின் முதுகும் தெரிந்தன. அம்மோன் தலையைத் திருப்பிக்கொண்டான். ஏனோஸ் தன் மூன்று விரல் கையை ஓட்டையின் விளிம்பில் விரித்துப் பார்த்தான்.

"என் ஜாண் குட்டை. உன் கையைக் குடு."

அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்து, அந்தக் கையை விளிம்பில் வைத்து, விரல்களைத் தானே விரித்து, ஜாண் ஜாணாக நகர்த்தி நான்கு பக்கமும் அளந்தான். ஏனோஸின் இடது கையில் ஐந்து விரலும் முழுசாக இருந்ததைச் சலோமா கவனித்தாள். அம்மோனும் கவனித்திருப்பான். மூன்றாவது பக்கத்துக்கு வரும்போது அம்மோனின் தோள் குலுங்கியது. ஏனோஸ் கையை விடவில்லை, நிறுத்தவும் இல்லை. நான்காவது பக்கத்தையும் அளந்துவிட்டுத்தான் விட்டான்.

"என் மகளுக்காக நான் மூடி போடறேன்" என்றான். "உனக்கு எதிரா இல்ல. நீயும் கூட வந்து பிடிச்சாத்தான் போட முடியும். கனமா அறுக்கப்போறேன். ஒத்தை ஆளா ஏணில தூக்கிட்டு ஏற முடியாது."

அம்மோன் மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தான். சரி என்றானா, தலையை அசைத்தானா என்பது சலோமாவுக்குத் தெரியவில்லை. கீழே இறங்கும்போது மூவரும் பிஷப் யோஸ்டைக் கொட்டகை வாசலில் பார்த்தார்கள். எவ்வளவு நேரமாக அங்கே நின்றாரோ. அவர் ஏனோஸையும் அம்மோனையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்க கொட்டகைக் கதவுக்குப் பூட்டு கிடையாது. நான் வீட்டுல இருந்தாலும் இல்லாட்டியும்" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனார். சட்டமும் போடவில்லை, தடையும் சொல்லவில்லை.

அந்தக் கோடை முழுக்க, முதல் புல் அறுப்புக்கும் இரண்டாவது அறுப்புக்கும் நடுவே, மில்லில் ஓக் பலகைகள் மூடிகளாயின. மாலைக் கறவைக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஒரு வண்டியில் கிளம்பிப் போவார்கள். முதலில் போட்டது அம்மோனின் சொந்தக் கொட்டகையில். மாதக் கணக்கில் ஏறாத பரணில் அவன் ஏறினான். கீலை முடுக்கும்போது அவன் கை தவறி ஆணி கீழே விழுந்து சிமெண்டில் ஒலித்தது. அந்தச் சத்தத்துக்கு அவன் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டதாகவும், ஏனோஸ்தான் மீதி வேலையை முடித்ததாகவும் சலோமா பிறகு கேள்விப்பட்டாள்.

எல்லோரும் வாங்கிக்கொள்ளவில்லை. சிலர் நாங்களே செய்துகொள்கிறோம் என்றார்கள், செய்யவில்லை. மக்லோன் ஹெர்ஷ்பெர்கர் வண்டியைக்கூட உள்ளே விடவில்லை. தன் தாத்தா கட்டிய கொட்டகையில் இதுவரை ஒரு பூனைகூட விழுந்ததில்லை என்றார். "எங்க பரண்ல கர்த்தர் தூங்கிடல, அம்மோன். உங்க பரண்ல எப்படியோ எனக்குத் தெரியாது" என்றார். ஏனோஸ் கடிவாளத்தை இறுகப் பிடித்தான். அம்மோன் வண்டியைத் திருப்பச் சொன்னான். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சலோமா அன்றைக்குத் தன்மேலேயே கோபப்பட்டாள். பிஷப் அன்று எச்சரித்தது இதைத்தான். இதை ஆரம்பித்துவைத்தது அவள். ஆனாலும், இத்தனைக்குப் பிறகும், அந்த மூடிகளில் ஒன்றைக்கூடக் கழற்ற அவளுக்கு மனம் வந்திருக்காது.

வெர்னா அந்த இலையுதிர் காலத்தில் பள்ளிக்கூடம் போகவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஆசிரியை சொன்னாள். இப்போது பாலைப் பால் என்று சொல்கிறாள். கோபம் குறைந்திருக்கிறது, போகவில்லை. வலது கை அப்படியேதான் இருக்கிறது. இதற்கு மேல் தேறுவது கர்த்தர் கையில் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஓர்பா அதைச் சலோமாவிடம் சொல்லும்போது, அந்த வார்த்தையை ஒரு இங்கிலீஷ்காரர் வாயால் கேட்டபோது தனக்கு ஒன்றும் ஆறுதலாக இல்லை என்றாள்.

நவம்பரில் மக்லோன் வீட்டு முறை வந்தது. வெளியே பனிக்காற்று அடித்தது. சாப்பாடானதும் பிள்ளைகள் கொட்டகைக்கு ஓடினார்கள். அம்மோன் யாரிடமும் எதுவும் சொல்லாமல் தொப்பியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனான். சபையில் இப்போது எல்லோருக்கும் தெரியும். மூடி இல்லாத கொட்டகைகளுக்கு மட்டும் போகிறான். ஆண்கள் கேலி செய்வதை நிறுத்தியிருந்தார்கள். அவனைத் தடுக்கவும் யாரும் போகவில்லை. மக்லோன் மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தன் காப்பியைப் பார்த்துக்கொண்டார்.

சலோமா பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். அவனைக் கீழே வா என்று கூப்பிடுவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். ஓர்பா அடுப்பிலிருந்த பாத்திரத்திலிருந்து ஒரு கோப்பை நிறையக் காப்பி ஊற்றி, பக்கத்தில் வந்து நீட்டினாள்.

"அவனுக்குக் கொண்டு போய்க் குடு. மேல குளிரும்."

சலோமா அவளைப் பார்த்தாள்.

"நான் இன்னைக்கு ஏறல" என்றாள் ஓர்பா. "நீ போ."

சலோமா ஒரு கையில் கோப்பையோடு ஏணியில் ஏறினாள். காப்பி தளும்பி மணிக்கட்டில் சுட்டது. அம்மோன் கோட்டை இழுத்து மூடிக்கொண்டு ஓட்டையின் மேல் போட்ட பலகையில் உட்கார்ந்திருந்தான். கீழிருந்து குதிரைகளின் சூடு ஆவியாக மேலே வந்துகொண்டிருந்தது. கோப்பையை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யார் கொடுத்தார்கள் என்று கேட்டான். சொன்னாள். அவன் உடனே குடிக்கவில்லை. பிள்ளைகள் கத்திக்கொண்டு அவனைச் சுற்றி ஓடினார்கள். அவள் பலகையின் ஓரத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.